பழைய மர ரயில் பெட்டியைப் புதுப்பித்தல்: பட்டறைக்குப் புதிதாக வரும் தன்னார்வலருக்கு முழுமையான வழிகாட்டி

பட்டறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே உப்புத்தாளையும் பிரஷ்ஷையும் தேடுகிறார்கள். பெட்டியின் பக்கவாட்டுப் பலகை கண் முன்னால் நிற்கிறது, பெயின்ட் உரிந்து தொங்குகிறது, அதைச் சரி செய்தால் வேலை நடந்த மாதிரி தெரியும் என்ற எண்ணம். ஆனால் மரப் பெட்டியில் பெயின்ட் கிட்டத்தட்டக் கடைசி வேலை. இந்தப் பெட்டிகளை அழிப்பது தண்ணீர். அது மேலிருந்து கீழே இறங்குகிறது. நம் வேலையும் அதே வரிசையில்தான் போக வேண்டும்.

இங்கே எழுதியிருப்பது பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகளில் ஓடும் மர உடல் பெட்டிகளுக்கானது. புளூபெல் ரயில்வேயின் ஹார்ஸ்டட் கெய்ன்ஸ் பட்டறையில் பராமரிக்கப்படும் 1898-1900 காலத்து லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வே பெட்டிகள், செவர்ன் வேலி ரயில்வேயிலுள்ள எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே என்ற பழைய நிறுவனம்) தேக்குப் பெட்டிகள் போன்றவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் பட்டறை சில பழக்கங்கள் மாறும். உங்கள் மேற்பார்வையாளர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. வரும் முன் தயாராக வேண்டியவை

இரும்பு முனை வைத்த பூட்ஸ், பருத்தியில் தைத்த ஓவரால், நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி3 தர வடிகட்டி போட்ட முகக்கவசம், நோட்டுப் புத்தகம், தச்சர் பென்சில், படம் எடுக்க ஒரு போன். ஆரம்பத்தில் இவ்வளவு போதும். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் பட்டறையிலேயே இருக்கும்.

தாடி வைத்திருந்தால் அந்த முகக்கவசம் முகத்தோடு ஒட்டி உட்காராது. ஓரத்தில் தூசி புகுந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் காற்றை உள்ளே செலுத்தும் தலைக்கவச வகை உண்டு. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஓவராலை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பழைய பெயின்ட் தூசியில் ஈயம் இருக்கும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்தத் துணி போகவே கூடாது. டீ குடிக்கும் முன்னால் சோப்பு போட்டுக் கை கழுவுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

2. பெட்டி நகராது என்பதை உறுதி செய்யுங்கள்

பெட்டி நிற்பது தண்டவாளத்தின் மேல். பட்டறையின் மறுமுனையில் இன்ஜின் வைத்துப் பெட்டிகளை மாற்றிக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் அடியில் படுத்திருப்பது தெரியாது. அதனால் வேலையைத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கை பிரேக் இறுக்கியிருக்கிறதா, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்திருக்கிறதா, "நகர்த்தக் கூடாது" என்ற பலகை மாட்டியிருக்கிறதா? கை பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பல வருடம் சும்மா நின்ற பெட்டியில் அந்தக் கம்பிகள் துருப்பிடித்து, பிரேக்கின் கைச்சக்கரத்தைச் சுற்றி இறுக்கியும் பிரேக் கட்டை படாமலே இருக்கலாம்.

பலகையை மாட்டியவரே அதைக் கழற்ற வேண்டும். மாலையில் ஒழுங்குபடுத்துகிறேன் என்று அடுத்தவர் பலகையை எடுத்து வைப்பது புதியவர்கள் நல்ல மனத்தோடு செய்யும் ஆபத்தான தவறு.

3. ஆஸ்பெஸ்டாஸ், ஈயம்: தொடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

1951 முதல் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய மார்க் 1 எஃகுப் பெட்டிகள் பலவற்றில் வெப்பக் காப்புக்காக நீல ஆஸ்பெஸ்டாஸ் தெளிக்கப்பட்டிருந்தது. மரப் பெட்டிகளில் அந்த அளவுக்கு இருக்காது என்றாலும், பின்னாளில் பொருத்திய ஹீட்டர் அருகிலும் மின்சாரப் பெட்டிகளின் பின்னாலும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இருக்க வாய்ப்புண்டு. சாம்பல் நிற அட்டையோ நார் மாதிரியான அடைப்போ கண்ணில் பட்டால் உடனே கையை எடுங்கள். உடைத்துப் பார்க்காதீர்கள், பெருக்கவும் செய்யாதீர்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது தகுதி பெற்றவர் வேலை. நீல ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியானவற்றை அகற்ற உரிமம் வேண்டும்.

ஈயத்தைப் பொறுத்தவரை, பழைய பெயின்ட் எல்லாவற்றிலும் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காமல் சேறாகத் திரளும். அதைத் துடைத்துத் தனிக் குப்பையில் போடலாம். கனமான அடுக்குகளை எடுக்க ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்துச் சுரண்டியால் தள்ளுங்கள். தீச்சுடரை நேராகப் பாய்ச்சும் புளோ லேம்ப் வேண்டாம். சூடு ஏறினால் ஈயம் புகையாகிவிடும், மரமும் கருகும்.

4. முதலில் எழுதுங்கள், படம் எடுங்கள், பிறகு கழற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கழற்றுவது சுலபம், வேகமாகவும் நடக்கும். ஒரு சனிக்கிழமையில் கழற்றியதைத் திரும்ப மாட்டும் நாள் சில வருடம் கழித்துக்கூட வரலாம். மாட்டுபவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

முதலில் பெட்டியின் இரு முனைகளுக்கும் பெயர் வையுங்கள். "பாலத்துப் பக்கம்", "டீக்கடைப் பக்கம்" என்று எழுதினால் பெட்டியைத் திருப்பி நிறுத்திய அன்றே அது பொய்யாகிவிடும். அ முனை, ஆ முனை என்று பெட்டியின் மேலேயே எழுதுங்கள். அ முனையில் நின்று ஆ முனையைப் பார்த்தால் இடது, வலது. அறைகளுக்கு 1, 2, 3. இப்படி "இடது-4-கதவு-மேல் கீல்" என்று எந்தத் துண்டுக்கும் ஒரு விலாசம் கிடைத்துவிடும்.

படம் எடுக்கும்போது அந்த விலாசம் எழுதிய சீட்டும் படத்துக்குள் இருக்கட்டும். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. சீட்டு இல்லாத படங்களில் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் அவை வந்த துளையிலேயே பாதி முடுக்கி வைப்பது நல்லது. முடியாவிட்டால் தனிப் பையில் போட்டு, சீட்டை பைக்கு உள்ளேயும் ஒன்று போடுங்கள். வெளியே எழுதிய மை ஒரு குளிர்காலத்தில் அழிந்துவிடும்.

அழுகிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள். பாதி தூளானாலும் மிச்சப் பாதியில் அதன் வளைவு, துளையின் இடம், பொருத்தின் அளவு எல்லாம் இருக்கின்றன. புதிய துண்டுக்கு அதுதான் அளவுகோல்.

இன்னொன்று. பெயின்ட்டைச் சுரண்டும் முன்னால், கண்ணுக்கு அதிகம் படாத இடத்தில் ஒரு சிறு பகுதியை அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு நிறமும் வளையமாகத் தெரியும்படி விட்டுப் படம் எடுங்கள். எந்தக் காலத்தில் எந்த நிறம் என்று பின்னால் எழும் வாக்குவாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

5. எங்கே அழுகியிருக்கிறது என்று தேடுங்கள்

பெயின்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக மரமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குத்தூசியை எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் போங்கள்: கூரையும் பக்கச் சுவரும் சேரும் இடம், ஜன்னலின் கீழ்ச் சட்டம், கதவின் அடிச்சட்டம், கதவுத் தூண்களின் பாதம், பெட்டியின் இரு முனைச் சுவர்களின் அடிப்பகுதி. நல்ல மரத்தில் ஊசி இறங்காது. கெட்ட மரத்தில் வெண்ணெயாக இறங்கும். கொட்டாப்புளியால் தட்டினால் சத்தத்திலும் தெரியும்: நல்லது கணீரென்று, கெட்டது மொத்தென்று.

சாக்பீஸால் மூன்று விதமாகக் குறியுங்கள். அப்படியே விடலாம், ஒட்டுப் போடலாம், முழுதாக மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் ஒட்டுப் போடலாம் என்றே குறியுங்கள். பழைய மரம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு அது பழைய பெட்டி.

கையில் ஒரு காந்தமும் இருக்கட்டும். எல்.என்.இ.ஆரின் பிற்காலப் பெட்டிகளில் எஃகுத் தகட்டின் மேல் தேக்கு வரிகள் மாதிரியே பெயின்ட் அடித்திருந்தார்கள். தகடா மரமா என்று தெரியாமல் ரசாயனத்தைத் தடவ வேண்டாம்.

தோட்டத்தில் வீடாகவோ கோழிக் கூண்டாகவோ பல பத்தாண்டுகள் இருந்து மீண்டு வரும் பெட்டிகளுக்கு, உடலைத் தாங்கும், சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டமே இருக்காது. ஐல் ஆஃப் வைட் ஸ்டீம் ரயில்வேயில் இப்படிப்பட்ட உடல்களை, பிரிட்டனின் பழைய சதர்ன் ரயில்வே நிறுவனத்துப் பார்சல் வேன்களின் அடிச்சட்டத்தை வெட்டிச் சுருக்கி அதன் மேல் ஏற்றியிருக்கிறார்கள். இந்த வகையில் அடிச்சட்டத்தின் நீளம் முடிவாகும் வரை மர வேலையின் இறுதி அளவு எதையும் வெட்ட வேண்டாம்.

6. கூரை முதலில்

ஒழுகும் கூரையின் கீழே செய்த எந்த வேலையும் வீண். இடம் இல்லை, பெட்டி வெளியே நிற்கிறது என்றால் முதலில் தார்ப்பாய் கட்டுங்கள். தார்ப்பாய் பெட்டியின் மேல் நேராகப் படக் கூடாது. நடுவில் ரீப்பர் கட்டிக் காற்று போக வழி விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து மரம் இன்னும் சீக்கிரம் கெடும்.

பழைய கூரை என்பது வளைந்த மரச் சட்டங்கள், அவற்றின் மேல் ஒன்றுக்குள் ஒன்று செருகிய பலகைகள், பலகைகளின் மேல் கெட்டிப் பெயின்ட்டில் படிய வைத்த கித்தான். அந்தக் காலத்தில் வெள்ளை ஈயக் குழம்பில் படிய வைத்தார்கள். இப்போது ஈயமில்லாத மாற்று.

கித்தானை விரிக்கும் முன் பலகைகளின் மேல் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஆணித் தலை ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும், ரயில் ஓடும் அதிர்வில் அது கித்தானை அடியிலிருந்து அறுத்துவிடும். எல்லா ஆணியையும் மரத்துக்குள் இறக்கி, பட்டி பார்த்து, ஓரங்களை உருட்டி விடுங்கள்.

விரிப்பது பலர் சேர்ந்து செய்யும் வேலை. காய்ந்த நாளாகப் பாருங்கள். நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்து ஆணி அடித்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கிப் போக வேண்டும். ஒரு முனையில் தொடங்கினால் சுருக்கம் எல்லாம் மறுமுனையில் வந்து சேரும், அதை எடுக்க வழியே இருக்காது.

காற்றுப்போக்கி, விளக்குத் துளைகளை முன்னாலேயே வெட்டாதீர்கள். கித்தான் இறுகிப் படிந்த பிறகு, துளையின் நடுவில் சிறிதாகப் பெருக்கல் குறி போலக் கீறி, நாக்குகளை விளிம்பின் மேல் மடித்து ஒட்டுங்கள். முதல் பூச்சு நீர்க்க இருக்கட்டும், நூலுக்குள் ஊறும். அடுத்தவை கெட்டியாக.

கூரை மேல் ஏறினால் குறுக்கே போட்ட பலகையில் மட்டும் கால் வையுங்கள். சட்டம் இல்லாத இடத்தில் கால் பட்டால் பலகை விரியும்.

7. சட்டகம்: ஒரு நேரத்தில் ஒரு தூண்

மரப் பெட்டியின் பக்கச் சுவர் தூண்களும் பலகைகளும் சேர்ந்துதான் விறைப்பாக நிற்கின்றன. ஒரு பக்கத்துக் கதவுகளையும் பலகைகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் உடல் மெல்லத் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் அதன் நிலையில் உட்காராது. ஒரு தூணை எடுக்கும் முன், அந்த இடைவெளியில் மூலைவிட்டமாகக் கட்டை அடித்துத் தாங்குங்கள். அதை முடித்த பிறகே அடுத்தது.

பாதம் மட்டும் கெட்ட தூணுக்கு ஒட்டுப் போடலாம். நேராக வெட்டி ஒட்டினால் நிற்காது. மரத்தின் தடிமனைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, அதே மாதிரி வெட்டிய புதுத் துண்டை அதன் மேல் ஒட்டுங்கள். ஒட்டும் பரப்பு அதிகமானால்தான் பசை தாங்கும்.

பர்மா தேக்கு என்றால் நமக்குச் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் நினைவுக்கு வரும். அதே மரம்தான் இங்கும். அதில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்காமல் வழுக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் உடனே ஒட்டுங்கள். நேற்றே துடைத்தேன் என்பது பயன்படாது, எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். ஓக் மரத்தில் வேறு சிக்கல்: அதிலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஸ்க்ரூவைத் தின்றுவிடும், மரமும் கறுக்கும். ஓக்குக்குப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு.

புதுத் தேக்கு விலை அதிகம். பழைய பள்ளி ஆய்வுக்கூட மேசைகள் கழிவுக்கு வரும்போது வாங்கி வைக்கும் பட்டறைகள் உண்டு. எந்த மரமானாலும் சில வாரம் பட்டறையிலேயே கிடக்கட்டும். சூடான கிடங்கிலிருந்து வந்த அன்றே அறுத்தால் பிறகு உப்பும்.

8. கதவு: பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம்

இந்தப் பெட்டிகள் பலவற்றில் அறைக்கு அறை வெளிக்கதவு. அதனால் ஒரே பெட்டியில் நிறையக் கதவுகள். எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் அதன் நிலைக்கென்றே இழைத்தது. இடம் மாற்றினால் சேராது.

கதவைத் தட்டையான மேசையில் போட்டு வேலை செய்யாதீர்கள். பெட்டியின் பக்கச் சுவர் கீழே வரும்போது உள்பக்கமாக வளைகிறது, கதவும் அதே வளைவில் இருக்கும். தட்டையான இடத்தில் இறுக்கி ஒட்டினால் வளைவு போய்விடும். கழற்றும் முன்னால் பக்கத்துத் தூணின் வளைவை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அளவில் மரத்தொட்டில் ஒன்று செய்து அதில் படுக்க வையுங்கள்.

கதவின் கண்ணாடி கீழே இறங்கிக் கதவுக்குள்ளேயே ஒளியும் வகை. ஒரு தோல் வாரை இழுத்து, அதன் துளையைப் பித்தளைக் குமிழில் மாட்டினால் கண்ணாடி நிற்கும். கண்ணாடி இறங்கும் அந்த இடுக்கில் மழைத் தண்ணீரும் இறங்கும். கதவைச் செய்தவர்களுக்கு இது தெரியும், அதனால் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அழுகிய கதவுகளைத் திறந்து பாருங்கள்: பெரும்பாலும் அந்த ஓட்டைகள் பெயின்ட்டாலோ பட்டியாலோ அடைபட்டிருக்கும். ஏதோ வேண்டாத துளை என்று நினைத்துப் புதியவர்கள் அழகாக அடைத்துவிடுகிறார்கள். அடைத்த சில வருடத்தில் அடிச்சட்டம் கைக்கு வந்துவிடும். உள்பக்கத்தைப் பலகை மூடும் முன், கண்ணாடி இறங்கும் குழிக்குள் பிரைமரும் பெயின்ட்டும் முழுதாக அடியுங்கள். மூடிய பிறகு அங்கே பிரஷ் எட்டாது.

பொருத்தும் வரிசை இது. சட்டங்களைச் சேர்த்ததும், வெளிப்பலகை போடாமல், வெறும் எலும்புக்கூடாகக் கதவைக் கீல்களில் மாட்டிப் பாருங்கள். கீலின் அடியில் மெல்லிய தகடு வைத்தோ எடுத்தோ இடைவெளியைச் சரி செய்யுங்கள். கதவை இழைத்துச் சரி செய்வது கடைசி வழி. இழைத்த மரம் திரும்ப வராது. சரியான பிறகு கழற்றி, பலகை போட்டு, மறுபடி மாட்டிப் பாருங்கள். இடைவெளி விடும்போது பெயின்ட்டின் கனத்தையும் கணக்கில் சேருங்கள். கதவு விளிம்பிலும் நிலையிலும் பல பூச்சு ஏறும். வெறும் மரத்தில் சரியாக உட்கார்ந்த கதவு, பெயின்ட் அடித்த பிறகு இறுகி நிற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, சிதறிவிடும். கண்ணாடிச் சட்டம் முடிந்து, அது குழிக்குள் தடையில்லாமல் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அளவு கொடுங்கள். தோல் வாரை நீளமாகவே வெட்டுங்கள். புதுத் தோல் கொஞ்சம் இழுபடும், துளையைப் பிறகு போடலாம்.

பூட்டு இரண்டு நிலையில் பிடிக்கும். முழுதாக மூடாவிட்டாலும் முதல் நிலையில் பிடித்துக்கொண்டு கதவு திறந்து ஆடாமல் காப்பது அதன் வேலை. ஓங்கி அடித்து மட்டும் பார்க்காமல், மெதுவாகத் தள்ளியும் பாருங்கள். முதல் நிலை பிடிக்கும் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும். பூட்டைச் சுத்தம் செய்யலாம், எண்ணெய் போடலாம். சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது அதற்குத் தகுதி பெற்றவர் மட்டுமே. ஓடும் ரயிலில் அந்தக் கதவில் யாரோ சாய்ந்து நிற்பார்கள்.

9. பலகையும் ரீப்பரும்

வெளிப்பலகைகளின் பின்பக்கத்துக்கும் பூச்சு அவசியம். முன்பக்கம் மட்டும் அடைத்தால் ஈரம் பின்னாலிருந்து ஏறிப் பலகை கிண்ணமாக வளையும். பலகைகள் சேரும் இடத்தை மூடும் ரீப்பர்களுக்கு அடியில் இறுகிக் கல்லாகாத அடைப்புப் பசை வையுங்கள். மரம் கோடையிலும் குளிரிலும் அசையும், பசையும் கூடவே அசைய வேண்டும்.

10. வார்னிஷ், பெயின்ட்

வெயிலில் நரைத்த தேக்கில் கறுப்புக் கறை இருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது விஷம்: கையுறை, கண்ணாடி கட்டாயம். பிறகு பலமுறை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் வார்னிஷ் பிடிக்காது. காய்ந்த பிறகு தேய்த்தால் அந்தத் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல்.

முதல் பூச்சை நீர்க்க அடியுங்கள், மரத்துக்குள் இறங்கட்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பூச்சுகளின் எண்ணிக்கை பத்தைத் தாண்டுவதும் சாதாரணம். இதில் அவசரப்பட்டு, அடிப்பூச்சு காயும் முன் அடுத்ததை ஏற்றினால் மேலே தோல் கட்டி, உள்ளே மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

தட்பவெப்பம் முக்கியம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேண்டாம். கடைசிப் பூச்சைக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். மாலைப் பனி ஈரமான வார்னிஷ்மேல் இறங்கினால் பளபளப்பு போய் வெளுத்துவிடும். அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். ஒரு பக்கத்துக்கு வேண்டிய அளவு டப்பாக்களை முதலிலேயே ஒரே வாளியில் கலந்துகொண்டால் பாதியில் நிறம் மாறாது.

ஆளி விதை எண்ணெய் பட்ட கந்தல் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட இரும்பு வாளியில் போடுங்கள். மரமும் வார்னிஷும் நிறைந்த பட்டறையில் மறக்கவே கூடாத பழக்கம் இது. நாள் முடிவில் வாளியைப் பார்த்த பிறகே கதவைப் பூட்டுங்கள்.

தங்க ரேக்கு எழுத்தும் கோடும் கை பழகியவர்களுக்கானவை. கற்க ஆசை இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வீணான பலகையில் பழகுங்கள்.

11. உள்ளே

இருக்கை, சாமான் வலை, உள்மரப் பலகை எல்லாம் கூரையும் ஜன்னலும் மழையில் சோதிக்கப்பட்ட பிறகுதான். குழாயில் தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கலாம். புது இருக்கைத் துணி தீத்தடுப்புத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அதை வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள். இந்தத் துணியைப் பெரும்பாலும் தனியாக நெய்யச் சொல்லி வாங்குவதால் வரத் தாமதமாகும். மர வேலை பாதியில் இருக்கும்போதே ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது.

12. ஒப்படைப்பு

பெட்டி அழகாக இருப்பதால் மட்டும் பயணிகளை ஏற்ற முடியாது. பாரம்பரியப் பாதைகளும் பிரிட்டனின் ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. சக்கரம், ஸ்பிரிங், இணைப்புக் கொக்கி, பிரேக் ஆகியவற்றைத் தகுதி பெற்ற பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி இயங்கும் வேக்குவம் பிரேக் பெரும்பாலும் 21 அங்குலப் பாதரச அளவில் இயங்கும், பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே முறையில் 25. இந்தச் சோதனையில் உங்களுக்கு வேலை கிடைத்தால் சொன்னதை மட்டும் செய்யுங்கள், எந்த நட்டையும் நீங்களாகத் தொடாதீர்கள்.

பரிசோதகர் வரும் நாளில் உங்கள் பதிவேடு மேசையில் இருக்க வேண்டும். எந்தத் தூணில் ஒட்டு, எந்தப் பசை, எந்தக் கீலுக்கு அடியில் எத்தனை தகடு, கூரைக்கு எந்தப் பெயின்ட், எந்தத் தேதியில். செய்யாமல் விட்டதையும் எழுதுங்கள்: "வலது-2 தூணின் பாதம் லேசாக மெத்தென்று இருக்கிறது, அடுத்த பராமரிப்பில் பார்க்கவும்" என்று ஒரு வரி போதும். குளிர்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் கூரை ஓரத்தையும் கதவடி ஓட்டைகளையும் சுத்தம் செய்ய ஒரு பெயரையும் தேதியையும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.